காகிதம் காத்திருக்கும் இடம்



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் இலக்கியமோ சமயமோ வரலாறோ பேசுவது நம்மிடையே வழக்கம். அலுவலகத்தில் வேலை எப்படி நடக்கிறது என்பதைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னபோது அமைப்பாளர்கள் மறுப்புச் சொல்லவில்லை. அதற்கு என் முதல் நன்றி. நம்மில் பெரும்பாலோர் விழித்திருக்கும் நேரத்தில் பாதியை ஏதோ ஓர் அலுவலகத்துக்கோ ஆலைக்கோ கொடுத்துவிடுகிறோம். மீதியில் கொஞ்சத்தை வேறோர் அலுவலகத்தின் வாசலில் காத்திருந்து கழிக்கிறோம். இவ்வளவு வாழ்க்கை கழியும் இடத்தைப் பற்றித் தமிழில் நிதானமாக யோசித்துப் பேசிய மேடைகள் குறைவு.

அதைப் பெங்களூரில் பேசுவதற்குத் தனிக் காரணமும் உண்டு. 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இங்கே வந்ததிலிருந்து இந்த ஊர் உலகத்துக்குக் கொடுத்துவருவது கணினி நிரல் மட்டும் இல்லை, வேலையை ஒழுங்குபடுத்தும் முறையையும்தான். 1999இல் இன்ஃபோசிஸ், மென்பொருள் நடைமுறைத் தேர்ச்சிக்கான ஐந்தாம் நிலைச் சான்றைப் பெற்றது. லண்டனில் ஒருவர் கொடுத்த காப்பீட்டு விண்ணப்பம் இந்த நிமிடம் எந்த மேசையில் நிற்கிறது என்று எலெக்ட்ரானிக் சிட்டியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணால் சொல்ல முடியும். அவளுடைய அப்பா பக்கத்துத் தாலுகா அலுவலகத்தில் கொடுத்த மனு எங்கே நிற்கிறது என்று கேட்டால் அவளுக்குப் பதில் தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த நிறுவனத்துக்குப் போனாலும் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கும். மேலே ஒரு கட்டம், அதன் கீழே நான்கு, அவற்றின் கீழே பதினாறு. யார் யாருக்குக் கீழே என்று அது சொல்லும். வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லாது. அதிகாரம் மேலிருந்து கீழே இறங்குகிறது. வேலையோ பக்கவாட்டில், ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு, ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போகிறது. அந்தப் படத்தை விட்டுவிட்டு, ஒரே ஒரு காகிதத்தின் பின்னாலேயே கடைசிவரை நடந்து பாருங்கள். அது எங்கே காத்திருக்கிறதோ அங்கேதான் அந்த நிறுவனத்தின் உண்மையான அதிகாரம் குடியிருக்கிறது.

பீன்யாத் தொழிற்பேட்டையில் ஒரு நடுத்தர இயந்திரப் பட்டறையை எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூரிலிருந்து வந்த வார்ப்பு இரும்புத் துண்டுகள் ஒரு தட்டில் அடுக்கியிருக்கும். தட்டின் காதில் கம்பியால் கட்டிய ஜாப் கார்டு. லேத், டிரில்லிங், கிரைண்டிங், இன்ஸ்பெக்ஷன் என்று வரிசையாக எழுதி, முடிந்த ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதியும் கையெழுத்தும். அந்த அட்டையில் கிரீஸ் விரல் பதிந்திருக்கும். ஓரம் மடங்கிக் கறுத்திருக்கும். கையெழுத்துகளை விட்டுவிட்டுத் தேதிகளை மட்டும் கூட்டிப் பாருங்கள். லேத்தில் இருந்தது இருபது நிமிடம். அடுத்த மெஷின் முன்னால் கிடந்தது நான்கு நாள். மொத்த வேலை ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும். ஆனால் அந்தத் துண்டு பட்டறைத் தரையில் இரண்டு வாரம் இருந்திருக்கும். இது சோம்பேறிகளின் பட்டறை இல்லை. எல்லோரும் வியர்க்க வியர்க்க வேலை செய்கிறார்கள். லேத்காரர் இன்னும் வேகமாக ஓட்டினால் டிரில்லிங் மெஷின் முன்னால் குவியல் இன்னும் உயரும், அவ்வளவுதான்.

ஜப்பானில் டொயோட்டா கம்பெனியின் தாய்ச்சி ஓனோ இந்தக் குவியலைத்தான் எதிரியாகப் பார்த்தார். அடுத்த கட்டம் கேட்டால் ஒழிய முந்தைய கட்டம் எதையும் செய்யக் கூடாது, கோளாறு கண்ட தொழிலாளி யாரையும் கேட்காமல் வரிசையையே நிறுத்தலாம் என்று அவர் வகுத்த முறை 1999இல் பெங்களூரை அடுத்த பிடதியின் டொயோட்டா ஆலைக்கு வந்தது. நான் மதிக்கும் முறை அது. அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2020 நவம்பரில் அதே பிடதி ஆலையில், ஒரு தொழிலாளியின் தற்காலிகப் பணிநீக்கத்தில் தொடங்கிய போராட்டத்தில் வேலைச்சுமை பற்றிய குறைகளும் சேர்ந்துகொண்டு கதவடைப்பு வரை போனது. பொருளின் காத்திருப்பைப் பிழிந்தெடுக்கும்போது மனிதன் மூச்சு வாங்கும் இடைவெளியும் சேர்ந்து போய்விடுகிறது. நடைமுறையைச் சீர்திருத்த வருகிறவர் அந்த இடைவெளி யாருடையது என்று கேட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

அரசு அலுவலகத்துக்கு வருவோம். காத்திருப்பை அளக்க வேண்டும் என்பது நம் நாட்டுக்குப் புதிதாக வந்த எண்ணம் இல்லை. பழைய சென்னை மாகாணத்தில் டாட்டன்ஹாம் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியின் பெயரால் ஓர் அலுவலக முறை இருந்தது. தமிழ்நாட்டின் ஆட்சியர் அலுவலகங்களில் அதன் எலும்புக்கூடு இன்றும் நிற்கிறது. ஒவ்வொரு எழுத்தருக்கும் ஒரு தன்பதிவேடு. தபாலுக்கு ஒரு நடப்பு எண், அது இருக்கைக்கு வந்த தேதி, யாருக்கு எழுதினார், பதில் எப்போது வந்தது, எப்போது முடிந்தது. குறித்த நாளில் மேலதிகாரி அந்தப் பதிவேட்டை வாங்கிப் பார்ப்பார். கணினி இல்லாத காலத்தில் ஒரு கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்ல முடிந்த அருமையான ஏற்பாடு அது. இப்போதுள்ள பல செயலிகள் இவ்வளவு சொல்வதில்லை.

ஆனால் அதில் அடிப்படையான ஒரு குறை இருந்தது. அது இருக்கையின் தாமதத்தை அளந்தது, மனுதாரரின் தாமதத்தை அளக்கவில்லை. நிலம் சம்பந்தப்பட்ட மனு வருவாய்த் துறையிலிருந்து சர்வே பிரிவுக்குப் போகும், அங்கிருந்து கிராமத்துக்கு, திரும்ப வட்டாட்சியருக்கு. ஒவ்வோர் இருக்கையிலும் தபாலைப் பத்து நாளில் அனுப்பிவிட்டதாகப் பதிவேடு சுத்தமாக இருக்கும். எந்த இருக்கையிலும் நிலுவை இல்லை. மனுதாரருக்கு மட்டும் எட்டு மாத நிலுவை.

கணினி வந்தால் இது சரியாகிவிடும் என்று நினைப்பது இயல்பு. மைக்கேல் ஹாமர் என்ற அமெரிக்க மேலாண்மை அறிஞர் 1990இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரை இந்த நினைப்பைத்தான் உடைத்தது. ஃபோர்டு கார் கம்பெனியின் வட அமெரிக்கப் பிரிவில், பொருள் அனுப்பியவர்களுக்குப் பணம் கொடுக்கும் துறையில் 500க்கு மேற்பட்டவர்கள் வேலை பார்த்தார்கள். கணினி போட்டால் 400 பேர் போதும் என்று கணக்குப் போட்டார்கள். அப்போது மாஸ்தா கம்பெனியைப் பார்த்தார்கள். அங்கே அதே வேலைக்கு 5 பேர். மாஸ்தா சிறிய கம்பெனிதான், ஆனால் அந்த அளவு வேறுபாட்டைக் கழித்தாலும் கணக்கு இடித்தது. ஃபோர்டின் ஆட்கள் நாளெல்லாம் செய்துகொண்டிருந்தது என்ன? கொள்முதல் ஆணை ஒரு துறையிலிருந்து, பொருள் வந்ததற்கான ரசீது இன்னொரு துறையிலிருந்து, விலைப்பட்டியல் வெளியிலிருந்து. மூன்றையும் வைத்துக்கொண்டு எங்கே பொருந்தவில்லை என்று தேடிக்கொண்டிருந்தார்கள். ஃபோர்டு அந்த விலைப்பட்டியலையே வேண்டாம் என்று விட்டது. லாரி வந்து நிற்கும் இடத்திலேயே ஊழியர் ஆணையோடு பொருளை ஒப்பிட்டுப் பார்க்கிறார். சரியாக இருந்தால் பணம் போய்விடுகிறது. ஆட்களில் முக்கால்வாசி குறைந்தது. மூன்று காகிதங்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க ஒரு துறையே தேவைப்படுகிறது என்றால், மூன்று காகிதங்கள் எதற்கு என்று முதலில் கேட்டிருக்க வேண்டும்.

இந்த மூன்று காகிதங்களை மனத்தில் வைத்துக்கொண்டு நிலப் பதிவேட்டைக் கணினிக்குக் கொண்டுபோன கர்நாடகத்தின் பூமி திட்டத்துக்கு வாருங்கள்.

இந்த மாநிலத்தில் விவசாய நிலத்துக்கான அடிப்படைத் தாள் பஹணி. அலுவலக வழக்கில் ஆர்.டி.சி. உரிமை, குத்தகை, பயிர் மூன்றும் ஒரே தாளில் இருக்கும். நம் சிட்டாவும் அடங்கலும் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். பயிர்க்கடனுக்குப் போனாலும், நீதிமன்றத்தில் ஒருவருக்கு ஜாமீன் நிற்கப் போனாலும் அந்தத் தாள் வேண்டும். 2000க்கு முன்பு அது கிராமக் கணக்கர் கையில் இருந்தது. மாநிலம் முழுவதும் ஏறக்குறைய 9,000 கணக்கர்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று நான்கு கிராமங்கள். உங்களுக்கு நகல் வேண்டிய நாளில் அவர் பக்கத்து ஊரில் இருப்பார். அரசுக் கட்டணம் இரண்டு ரூபாய். உண்மையில் கொடுத்தது நூறிலிருந்து இரண்டாயிரம் வரை போனதாகத் திட்டத்தைப் பற்றிப் பின்னால் எழுதப்பட்ட ஆவணங்கள் சொல்கின்றன. பட்டா மாறுதலுக்கு, இங்கே மியூட்டேஷன் என்பார்கள், சட்டப்படி 30 நாள் ஆட்சேபம் கேட்டுவிட்டு முடிக்க வேண்டும். ஓராண்டு, இரண்டாண்டு ஆனது சாதாரணம்.

நிலப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றும் முயற்சி, மத்திய அரசின் பணத்தில், இதற்கு முன்பே நடந்திருந்தது. அது நிலைக்கவில்லை. கணினியில் ஏற்றிய நாளில் பதிவேடு சரியாக இருந்தது; ஆனால் கையால் எழுதிய பஹணி தொடர்ந்து செல்லும் என்றிருந்ததால், அடுத்த மாறுதல் கணக்கரின் புத்தகத்தில் ஏறியது, கணினியில் ஏறவில்லை. சில மாதங்களில் இரண்டும் வேறு வேறு கதை சொல்லின.

பூமி திட்டத்தை வருவாய்த் துறையில் இருந்து நடத்தியவர் ராஜீவ் சாவ்லா என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி, மென்பொருளைச் செய்தது தேசியத் தகவலியல் மையம். அவர்கள் எடுத்த முடிவுகளில் முதன்மையானது கணினியைப் பற்றியதே இல்லை. ஒரு தாலுகாவில் கணினிப் பதிவேடு தொடங்கிய நாளிலிருந்து அங்கே கையால் எழுதிய பஹணி செல்லாது என்றார்கள். திரும்பிப் போகும் வழியை அடைத்துவிட்டார்கள். ஏறக்குறைய 2 கோடிப் பதிவுகள், 67 லட்சம் நில உடைமையாளர்கள். ஏற்றிய விவரத்தை அச்சிட்டுக் கணக்கர்களிடமே கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் எல்லாத் தாலுகாக்களிலும் கவுன்டர் திறந்துவிட்டது.

அந்தக் கவுன்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தொடக்கத்தில் கட்டணம் 15 ரூபாய். ஊழியர் விரல் ரேகை வைத்துத்தான் கணினிக்குள் நுழைய முடியும். எந்தப் பதிவை யார் தொட்டார் என்பது அழியாமல் நிற்கும். மேசை மேல் இரண்டு திரைகள். ஒன்று ஊழியர் பக்கம், மற்றொன்று விவசாயி பக்கம் திருப்பி வைத்தது. தன் சர்வே எண்ணைத் தட்டுவதையும் தன் பெயர் வருவதையும் அவர் நின்ற இடத்திலிருந்தே பார்க்கிறார். பதிவேடு என்பது எதிரே உட்கார்ந்திருப்பவர் மட்டும் புரட்டக்கூடிய புத்தகம் என்று தலைமுறை தலைமுறையாகப் பழகியவர் முன்னால் அந்தத் திரையைத் திருப்பிவைக்க வேண்டும் என்று யோசித்தவரை நான் மனதாரப் பாராட்டுகிறேன். அதற்குத் தொழில்நுட்பம் எதுவும் தேவைப்படவில்லை, இரண்டாவது திரைக்கான செலவும் மரியாதையும் மட்டுமே தேவைப்பட்டன.

மியூட்டேஷன் மனுக்களுக்கு இன்னொரு விதி வைத்தார்கள். முதலில் வந்தது முதலில். பத்தாவதாக வந்த மனுவை இரண்டாவதாக எடுக்க மென்பொருள் விடாது. இதில் வேகம் கூடியதை எல்லோரும் பேசினார்கள். என்னைக் கேட்டால் வேகம் இரண்டாம்பட்சம். ஒரு சாதாரண ஊழியரின் அதிகாரம், இல்லை என்று மறுப்பதில் இருப்பதைவிட, யாரை முதலில் கூப்பிடுவது என்பதில்தான் அதிகம் இருந்தது. மறுத்தால் மேல்முறையீடு உண்டு. இன்று போய் நாளை வா என்பதற்கு மேல்முறையீடு கிடையாது. அந்த உரிமையை ஒற்றை வரியில் அடங்கும் விதி எடுத்துவிட்டது.

அந்த அதிகாரம் எங்கே போனது என்று கேட்க வேண்டும். 2007இல் சாலமன் பெஞ்சமினும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் பூமியைப் பற்றிக் கடுமையான ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கையூட்டு ஒழியவில்லை, அது கிராமத்திலிருந்து தாலுகாவுக்கும் அதற்கு மேலும் ஏறியது. பெங்களூரைச் சுற்றி நிலம் தேடிய பெரிய கைகளுக்கு, ஊர் ஊராக அலையாமல் ஒரே இடத்தில் விவரம் கிடைக்க வழி பிறந்தது என்பது அவர்கள் வாதம். அரசுத் தரப்பு இதை ஏற்கவில்லை. இரண்டையும் படித்தவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது: கவுன்டரில் பஹணி வாங்க வந்த சிறு விவசாயிக்குக் கிடைத்த நன்மை உண்மை; பெஞ்சமின் காட்டிய ஆபத்தும் உண்மை. கணக்கரிடம் லஞ்சம் இருந்தது, ஊர் அறிவும் இருந்தது. இந்தத் துண்டு நிலம் எழுத்தில் அண்ணன் பெயரில் இருந்தாலும் உழுவது தம்பியின் விதவை என்று அவருக்குத் தெரியும். திரைக்குத் தெரியாது. ஏற்றும்போது விழுந்த எழுத்துப் பிழையைத் திருத்த, முன்பு அடுத்த தெருவுக்குப் போனவர், இப்போது தாலுகாவுக்குப் பஸ் ஏற வேண்டியிருந்தது.

இது முதல் முறையும் இல்லை. ஷானுபோகர் என்ற பரம்பரைக் கிராமக் கணக்கர் பதவியை ஒழித்து மைசூர் அரசு 1961இல் சட்டம் இயற்றியபோதும், தமிழ்நாட்டில் 1980இல் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம் பதவிகளை ஒழித்துக் கிராம நிர்வாக அலுவலர்களைக் கொண்டுவந்தபோதும், நிலத்தின் புத்தகம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனது. இரண்டும் நியாயமான சீர்திருத்தங்கள். சாதியால் வந்த பதவி போனதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நடைமுறை மாறும்போதெல்லாம் யாரோ ஒருவரின் பிடி தளர்ந்து இன்னொருவரின் பிடி இறுகுகிறது என்பதை மட்டும் கணக்கில் வைக்கச் சொல்கிறேன்.

இனி அந்த மூன்று காகிதங்கள். நிலத்துக்கு உரியவர் யார் என்பது வருவாய்த் துறையில். விற்றது வாங்கியது பதிவுத் துறையில். எல்லை எங்கே என்பது சர்வே துறையில். நிலம் வாங்கியவர் சப்ரிஜிஸ்டிரார் அலுவலகத்தில் பத்திரம் பதிந்துவிட்டு, அதே பத்திரத்தை எடுத்துக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்கு நடந்து, நான் வாங்கிவிட்டேன் என்று மறுபடி மனு கொடுக்க வேண்டியிருந்தது. அரசின் ஓர் அறையில் தெரிந்த செய்தியை இன்னோர் அறைக்குக் கொண்டுபோகும் தபால்காரராக அவரை ஆக்கியிருந்தோம். மெல்வின் கான்வே என்ற கணினி அறிஞர் 1968இல் ஒன்று கவனித்தார். ஒரு நிறுவனம் உருவாக்கும் எந்த அமைப்பும் அந்த நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதன் நகலாகவே வரும் என்றார். அதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை. வருவாய்த் துறைக்குப் பூமி, பதிவுத் துறைக்குக் காவேரி, சர்வேத் துறைக்கு மோஜிணி. மூன்று துறை, மூன்று மென்பொருள்.

பின்னர் இவற்றை இணைத்தார்கள். பத்திரம் பதிந்ததும் செய்தி தானாகவே தாலுகாவுக்குப் போய் மியூட்டேஷன் தொடங்கிவிடும். ஒரு சர்வே எண்ணில் ஒரு பகுதியை மட்டும் விற்பதானால், பதிவுக்கு முன்பே அளந்து வரைந்த படம் வேண்டும் என்றும் ஆயிற்று. இந்த ஊர்ப் பக்கம் நிலம் வாங்கியவர்கள் 11இ ஸ்கெட்ச் என்றால் தலையாட்டுவீர்கள். நல்ல விதிதான், இல்லாத நிலத்தை விற்பதை அது தடுத்தது. ஆனால் அதுவரை கணக்கரின் புத்தகத்தில் காத்திருந்த காகிதம் இப்போது சர்வேயரின் பையில் காத்திருக்கத் தொடங்கியது. அரசுச் சர்வேயர்கள் போதவில்லை என்று தனியாருக்கு உரிமம் கொடுத்து அளக்க வைத்தார்கள்.

எலியாஹு கோல்ட்ராட் 1984இல் ஒரு நாவலாகவே எழுதிக் காட்டிய உண்மை இது. எந்த வேலைத் தொடரிலும் எல்லாவற்றையும்விட நெருக்கமான ஓரிடம் இருக்கும். அதைத் தவிர வேறு எங்கே வேகம் கூட்டினாலும் மொத்த வேகம் கூடாது. அதைச் சரிசெய்தால் நெருக்கம் இன்னோர் இடத்துக்கு நகரும். பாஸ்போர்ட்டில் நாம் எல்லோரும் இதைக் கண்டோம். 2010இல் முதலில் பெங்களூர்ப் பகுதியிலும் சண்டிகரிலும் பாஸ்போர்ட் சேவா மையங்கள் வந்தன. ஏ, பி, சி என்று மூன்று கவுன்டர். புகைப்படம், கைரேகை எடுக்கும் ஏ கவுன்டரில் டி.சி.எஸ். ஊழியர்; சரிபார்ப்பும் ஒப்புதலும் செய்யும் பி, சி கவுன்டர்களில் அரசு அலுவலர். அரசு மட்டுமே செய்ய வேண்டியது எது, யாரும் செய்யக்கூடியது எது என்று பிரித்த விதம் மிகச் சரி. மையத்துக்குள் வேலை சில மணி நேரத்தில் முடிந்தது. அதன் பிறகு காவல் நிலைய விசாரணைக்காகக் காத்திருந்தோம்.

நெருக்கமான இடத்தைக் கண்டுபிடித்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதற்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை விடச் சிறந்த பாடம் உலகத்தில் எங்கும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. கண்புரை அறுவையில் அரிதானது மருத்துவரின் கை. அதனால் அங்கே அறுவை அறையில் மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒரு மேசையில் அவர் அறுவை செய்யும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளி தயாராகப் படுத்திருக்கிறார். முடித்ததும் நுண்ணோக்கியைத் திருப்பிக்கொண்டு அடுத்த கண்ணுக்குப் போகிறார். மருந்து விடுவது, அளப்பது, கருவி நீட்டுவது, தைரியம் சொல்வது எல்லாம் கிராமங்களிலிருந்து வந்து பயிற்சி பெற்ற பெண்களின் வேலை. அந்தச் சகோதரிகள் இல்லாவிட்டால் அந்த மருத்துவமனை இல்லை. மருத்துவர் செய்ய வேண்டியதை மட்டும் மருத்துவர் செய்வதால்தான் அங்கே ஏராளமானோருக்கு இலவசமாகப் பார்வை கிடைக்கிறது. நம் சர்வேயரின் நாளில் அளப்பதற்குப் போகும் நேரம் எவ்வளவு, நோட்டீஸ் கொடுக்கவும் பக்கத்து நிலத்துக்காரரைத் தேடவும் போகும் நேரம் எவ்வளவு? உரிமம் கொடுத்து எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு முன்னால் அதைப் பார்க்க வேண்டும்.

காகிதத்தைச் சுமப்பது யார் என்ற கேள்விக்குத் திரும்புவோம்; அதை இந்த ஊரின் தர்ஷினி ஓட்டல்களை வைத்தும் பார்க்கலாம். 1983இல் ஜெயநகரில் ஆர். பிரபாகர் தொடங்கிய கஃபே தர்ஷினிதான் அந்த வகைக்குப் பெயர் கொடுத்தது. காசு கொடுத்துச் சீட்டு வாங்குகிறோம். அந்தச் சீட்டை நாமே தோசைக்கல் பக்கம் கொண்டுபோய் வைக்கிறோம். தட்டை நாமே எடுத்து, நின்றே சாப்பிட்டுவிட்டு நகர்கிறோம். சர்வர் இல்லை, நாற்காலி இல்லை. கல்லாவுக்கும் அடுப்புக்கும் நடுவே காகிதம் சுமப்பவர் வாடிக்கையாளர். ஆனால் அதற்கு ஈடாக அவருக்குக் குறைந்த விலையில் சூடான தோசை சில நிமிடங்களில் கிடைக்கிறது. அவர் அறிந்தே செய்துகொண்ட ஒப்பந்தம் அது. அரசு அலுவலகத்தில் அறைக்கு அறை காகிதம் சுமக்கிறவருக்கு ஈடாக எதுவும் கிடைப்பதில்லை. ஒரு நாள் கூலியும் போகிறது.

இந்தக் காத்திருப்புக்கு வரம்பு கட்ட, கர்நாடகம் 2012 ஏப்ரலில் சகாலா என்ற பெயரில் 151 சேவைகளுக்குக் கெடு வைத்தது. மனு கொடுத்ததும் ஓர் எண் கிடைக்கும். கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய் இழப்பீடு. தொகை சிறிது. ஆனால் டாட்டன்ஹாம் முறை விட்ட இடத்தை இது பிடித்தது; கடிகாரம் இருக்கையின் மேல் இல்லாமல் மனுதாரரின் கையில் ஓடத் தொடங்கியது. இருந்தும் அந்தக் கடிகாரம் மனு கொடுத்த பிறகுதான் ஓடுகிறது. கவுன்டர் வரை வராதவருக்குக் கடிகாரமே கிடையாது.

அப்படி வராதவர்கள் யார் என்று சொல்லி முடிக்கிறேன். இங்கே பௌதி கத்தா என்று ஒன்று உண்டு. நிலத்துக்காரர் இறந்த பிறகு வாரிசுகள் பெயருக்குப் பதிவேட்டை மாற்றுவது. நிலம் விற்கப்பட்டால் பத்திரப் பதிவு அலுவலகம் தாலுகாவுக்குச் செய்தி அனுப்புகிறது. நிலத்துக்காரர் இறந்தால் அப்படித் தானாக எந்தச் செய்தியும் போகாதபடிதான் அமைப்பு வளர்ந்தது. இரண்டு நிகழ்விலும் நிலம் கைமாறுகிறது. ஒன்றில் வாங்குபவர், விற்பவர், தரகர், வழக்கறிஞர் என்று நான்கு பேர் அவசரப்படுகிறார்கள், மற்றொன்றில் அவசரப்பட யாரும் இல்லை. அதனால் இறந்து பல ஆண்டுகள் ஆனவர்கள் பெயரில் இன்னும் பஹணிகள் இருக்கின்றன; அவற்றை மாற்ற அரசே இயக்கம் நடத்த வேண்டியிருக்கிறது. பஹணியில் பெயர் இல்லாத விதவைக்குப் பயிர்க்கடன் கிடைப்பது கடினம். வறட்சி நிவாரணம் வந்தால் அதுவும் அவளைத் தேடி வருவதில்லை. கிராமத்தில் கணவன் இறந்த பெண் முதல் சில மாதங்கள் வாசல் தாண்டி எங்கும் போவதில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். நம் நடைமுறை அவளைத்தான், இறப்புச் சான்றும் வம்ச விருட்சம் என்ற வாரிசு வரிசைத் தாளும் எடுத்துக்கொண்டு தாலுகாவுக்கு வா என்கிறது.

1969ஆம் ஆண்டுச் சட்டப்படி இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஆக, அரசின் ஓர் அறைக்கு அந்த மரணம் மூன்று வாரத்தில் தெரிந்துவிட வேண்டும். அந்தப் பட்டியலை வாரந்தோறும் தாலுகா அலுவலகம் தானே எடுத்து, அந்தப் பெயரில் பஹணி உண்டா என்று பார்க்கலாம். பெயர் பொருந்துவதில் சிக்கல் வரும். ஒரே ஊரில் நான்கு முனியப்பாக்கள் இருப்பார்கள். அங்கேதான் கணக்கரின் ஊர் அறிவு மறுபடி வேலைக்கு வரட்டும். அவர் அந்த வீட்டுக்குப் போகட்டும். வாரிசுகளை எழுதிக்கொண்டு, அதைப் பஞ்சாயத்துப் பலகையில் ஒட்டி, 30 நாள் ஆட்சேபம் கேட்கட்டும். மகன்கள் பெயரை மட்டும் எழுதி மனைவியையும் மகள்களையும் விட்டுவிடும் பழக்கம் இருப்பதால், அந்தப் படிவம் மனைவியிடம் தொடங்க வேண்டும், அவள் தனியாகப் பேசி முடித்த பிறகே மற்றவர்களிடம் போக வேண்டும். ஆனேக்கல்லிலோ ஹொசகோட்டையிலோ ஒரே ஒரு தாலுகாவில் ஓராண்டு இதைச் செய்து பார்க்கலாம். புதிய மென்பொருள் அதிகம் வேண்டாம். இருக்கும் இரண்டு பதிவேடுகளை ஒன்றுக்கொன்று பேச வைத்தால் போதும். அந்தப் படிவத்தின் தலைப்பில் தொடக்க நாள் என்று ஒரு கட்டம் இருக்குமே, அதில் மனு கொடுத்த தேதியை எழுதாமல் அவர் இறந்த தேதியை எழுதச் சொல்லுங்கள். எத்தனை நாள் ஆயிற்று என்பதை அங்கிருந்து எண்ணுவோம்.